குசினி ஜன்னலும் ஆறு மாடியும்

இங்கிலாந்தில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் அடுக்குமாடி வரப்போகிறது என்றால், அதைத் தெரிவிக்கக் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) ஒரு ஏ4 காகிதத்தை விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போகும். பிளாஸ்டிக் உறைக்குள்ளும் மழைத்தண்ணீர் புகுந்து பாதி எழுத்து ஊறியிருக்கும். அதே கம்பத்தில் காணாமல் போன பூனையைத் தேடும் நோட்டீஸ் இருந்தால் எல்லாரும் அதைத்தான் வாசிப்பார்கள். ஒட்டியிருக்கும் வீடுகளுக்குக் கடிதமும் வரலாம். விண்ணப்ப எண், முகவரி, எத்தனை வீடு, எத்தனை மாடி, கருத்துச் சொல்ல 21 நாள். அவ்வளவுதான் விஷயம்.

லண்டனில் நம்மவர்களிடம் இதைப் பற்றிப் பேசினால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க, இது கண்துடைப்பு" என்பது ஒரு கட்சி. "ஆயிரம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தா நின்னுடும்" என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சி சொல்வதில் பாதி உண்மை. இரண்டாவது கட்சிக்கு நம்பிக்கை அதிகம், விவரம் குறைவு. எங்கள் தெருவில் நடந்த ஒரு விண்ணப்பத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன். கவுன்சிலின் பெயரும் டெவலப்பரின் பெயரும் வேண்டாம். லண்டனின் வெளிவட்டத்தில் எந்தக் கவுன்சிலிலும் இதே கதைதான் நடக்கிறது.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கடைத்தெருவின் கார் பார்க் இருக்கிறது. கவுன்சிலுக்குச் சொந்தமான நிலம். சனிக்கிழமை காலை அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மற்ற நாளில் பாதி காலியாகக் கிடக்கும். கடைத்தெருவில் ஒரு யாழ்ப்பாணத்து மளிகைக் கடை, ஒரு குஜராத்தி இனிப்புக் கடை, ருமேனியக் கசாப்புக் கடை, முடிவெட்டும் கடைகள் (எண்ணிக்கை மாதாமாதம் கூடிக்கொண்டே போகும்). திட்டம் இதுதான்: கார் பார்க்கை எடுத்துவிட்டு, கடைத்தெருப் பக்கம் எட்டு மாடி, எங்கள் வரிசைப் பக்கம் ஆறு மாடி, நடுவில் ஒரு முற்றம். முன்கட்டடம் விற்பனைக்கு. பின்கட்டடம் வாடகை வீடுகள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்பே டெவலப்பர் சர்ச் ஹாலில் ஒரு கண்காட்சி வைத்தார். தாங்கிகளில் நிறுத்திய பலகைகளில் படங்கள். படத்தில் எப்போதும் கோடைகாலம். மரங்கள் இருபது வருஷம் வளர்ந்து நிற்கின்றன, பலூன் பிடித்த ஒரு குழந்தை ஓடுகிறது, குப்பைத்தொட்டி ஒன்றுகூட இல்லை. தேநீரும் பிஸ்கட்டும் தாராளம். கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். "இப்பகுதிக்கு இன்னும் பசுமையான பொது இடம் தேவை என்று நினைக்கிறீர்களா?" "பாதுகாப்பான, வெளிச்சமான நடைபாதைகளை வரவேற்பீர்களா?" இதற்கெல்லாம் வேண்டாம் என்று யார் எழுதுவார்கள்? ஆறு மாடி வேண்டுமா, நான்கு போதுமா என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. பிறகு விண்ணப்பத்தோடு சேர்த்த அறிக்கையில், வந்தவர்களில் பெரும்பாலோர் பசுமையான பொது இடத்தை வரவேற்றதாக வண்ண வட்டப்படம் போட்டிருந்தார்கள்.

பலர் இந்த இடத்திலேயே கருத்துச் சொல்லி முடித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கவனிக்க வேண்டியது இது: சர்ச் ஹால் படிவம் டெவலப்பருக்குப் போவது. அதில் எழுதியது கவுன்சிலின் கோப்பில் உங்கள் ஆட்சேபணையாக ஏறாது. விண்ணப்பம் கவுன்சிலில் பதிவான பிறகு, கம்பத்தில் காகிதம் தொங்கத் தொடங்கிய பிறகு எழுதுவதுதான் கணக்கு. பத்து வீடும் அதற்கு மேலும் உள்ள திட்டம் "மேஜர்". அதற்கு முடிவு சொல்லச் சட்டம் கவுன்சிலுக்குத் தரும் காலம் 13 வாரம். பெரும்பாலும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு நீட்டித்துக்கொள்வார்கள்.

கவுன்சிலின் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைத் தட்டினால் கோப்புகள் வந்து கொட்டும். வடிவமைப்பு அறிக்கை, போக்குவரத்து அறிக்கை, காற்று, சத்தம், மரம், வௌவால், வெள்ளம், வெளிச்சம். வௌவாலுக்கு ஒரு தனி அறிக்கை உண்டு என்பது எங்கள் தெருவில் நெடுநாள் பேச்சாக இருந்தது. எல்லாவற்றையும் வாசிக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. உங்கள் வீடு, உங்கள் சந்து, உங்கள் கடை எந்த அறிக்கையில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடிப்பிடித்தால் போதும்.

யார் எழுதலாம் என்பதிலும் குழப்பம் இருந்தது. "நான் இன்னும் சிட்டிசன் ஆகலையே" என்றார் ஒருவர். "பேர் போட்டா ஹோம் ஆபிஸுக்குப் போகுமா?" என்று, விசா விவகாரம் பார்க்கும் அமைச்சகத்தை நினைத்து, இன்னொருவர் தணிந்த குரலில் கேட்டார். குடியுரிமை வேண்டாம், சொந்த வீடு வேண்டாம், வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். ஆனால் கருத்துகள் பொதுவில் பார்வைக்கு வைக்கப்படும். பல கவுன்சில்களில் பெயரும் முகவரியும் அதோடு தெரியும். அந்தத் தயக்கம் நியாயமானதுதான்.

அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதிரிக் கடிதம் சுற்றியது. வீட்டு விலை குறையும், ஜன்னலில் நின்றால் தெரியும் குன்றும் வானமும் மறைந்துபோகும், இரண்டு வருஷம் இரைச்சலும் தூசும், டெவலப்பருக்கு லாபவெறி. மனிதர்கள் உண்மையில் கவலைப்படுவது இதற்கெல்லாம்தான். ஆனால் இந்த ஊர்ச் சட்டத்தில் இவற்றுக்கு எடை இல்லை. வீட்டு விலை, தனிப்பட்ட வீட்டிலிருந்து தெரியும் காட்சி, விண்ணப்பதாரரின் குணம், வியாபாரப் போட்டி ஆகியவற்றைத் திட்டமிடல் அதிகாரி கணக்கில் எடுக்கவே கூடாது. கட்டும்போது வரும் தொல்லையை அனுமதிக்கு நிபந்தனை போட்டுச் சமாளிக்கலாம், அதற்காக அனுமதியையே மறுக்க மாட்டார்கள். வெளிச்சம் குறைவது, அடுத்த வீட்டுக்குள் பார்வை விழுவது, போக்குவரத்து, சத்தம், உயரமும் அகலமும் சுற்றுப்புறத்தோடு பொருந்தாதது, மரங்கள், பழமையான கட்டடங்கள், கவுன்சிலின் சொந்தக் கொள்கைக்கு முரணாக இருப்பது, இவற்றுக்கு எடை உண்டு. ஒரே கடிதத்தை நூறு பேர் அனுப்பினாலும் அதிகாரி அதை ஒரு வாதமாகத்தான் எடுத்துக்கொள்வார். இது வாக்கெடுப்பு இல்லை. எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பது அறிக்கையில் ஒரு வரியில் வரும், அதோடு சரி.

மளிகைக் கடை அண்ணனுக்கு இது உடனே பிடிபட்டது. முதலில் அவர் எழுதி வைத்திருந்தது, "பார்க்கிங் போனால் என் வியாபாரம் படுத்துவிடும்." அதை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினார். போக்குவரத்து அறிக்கைக்காகச் சந்தில் வண்டிகளை எண்ணியது ஒரு வார நாளில். அவருக்கு மீன் வண்டி வருவது வெள்ளிக்கிழமை விடியற்காலை. வண்டி சந்துக்குள் பின்பக்கமாகவே நுழைய வேண்டும், திரும்ப இடம் கிடையாது. திட்டப்படி அதே சந்தில்தான் குப்பை லாரியும் நிற்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே போகும்? செல்போனில் எடுத்த ஒரு புகைப்படத்தையும் இணைத்தார். கடிதம் அரைப் பக்கம்கூட இல்லை. அதிகாரி அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசி, வண்டியின் நீளம் என்ன என்று கேட்டார். வியாபாரம் படுக்கும் என்று எழுதியிருந்தால் அந்தப் போன் வந்திருக்காது.

அன்ரியின் விவகாரம் இதைவிடச் சிக்கலானது. எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கணவர் இறந்து சில வருடமாகிறது. ஒரு மாலை வெளிச்ச அறிக்கையின் அச்சுப்பிரதியோடு வந்தார். பேரன் எடுத்துக் கொடுத்தானாம். "தம்பி, உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. என்ர வீட்டு இலக்கம் கிடக்குது, மிச்சம் ஒண்டும் விளங்கேல்லை."

அந்த அட்டவணையை வாசிக்க நானும் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. பிஆர்இ என்ற கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் வழிகாட்டி ஒன்று இருக்கிறது, கடைசிப் பதிப்பு 2022. இந்த நாட்டில் எல்லா டெவலப்பரும் அதை வைத்துத்தான் வெளிச்சத்தை அளக்கிறார்கள். ஒரு ஜன்னலின் நடுவிலிருந்து பார்த்தால் எவ்வளவு வானம் தெரிகிறது என்பதற்கு ஒரு சதவீதம் போடுவார்கள். 27 இருந்தால் நல்ல வெளிச்சம். அதற்குக் கீழே போய், முன்பு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அறையில் இருப்பவருக்கு இருட்டு தெரியும் என்பது கணக்கு. அன்ரியின் தரைத்தளப் பின் ஜன்னலுக்கு இப்போது 29, கட்டிய பிறகு 21. நேராகப் பார்த்தால் தேறாது. ஆனால் பக்கத்துக் கட்டத்தில் "படுக்கையறை" என்று போட்டு, சிறு பாதிப்பு, ஏற்கத்தக்கது என்று முடித்திருந்தார்கள். படுக்கையறையில் பகல் வெளிச்சம் குறைவதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த அறிக்கை எழுதுபவர்கள் யார் வீட்டுக்குள்ளும் வருவதில்லை. பழைய வரைபடம், வீட்டுத் தரகர்களின் விளம்பரப் படம், வெளியிலிருந்து ஓர் ஊகம், அவ்வளவுதான். அது படுக்கையறை இல்லை, அன்ரியின் குசினி, அதாவது சமையலறை. கணவர் இருந்தபோதே நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கியது. ஜன்னலோரம் கறிவேப்பிலைத் தொட்டி, இந்த ஊர்க் குளிரில் அதை உயிரோடு வைத்திருப்பதே ஒரு சாதனை. இடியப்ப உரல், அரிசி டின், ஓரத்தில் சாமித் தட்டு, நடுவில் மடக்குமேசை. காலையிலிருந்து இரவு வரை அவர் இருப்பது அங்கேதான். முன்னறையில் சோபாவுக்கு மேல் போட்ட விரிப்பு விருந்தாளிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அறிக்கையில் சிறு பாதிப்பு என்று எழுதியிருந்தது அவருடைய முழு நாளையும்.

சரி, இதை எழுதி அனுப்பினால் போதும் என்று கணினியைத் திறந்தேன். அன்ரி நிறுத்தினார். "தம்பி, இன்னொண்டும் எழுத வேணும். உந்த வீடுகள் கட்டாயம் வேணுமெண்டும் எழுதுங்கோ."

அவருடைய மகள் இரண்டு பிள்ளைகளோடு தற்காலிக இடத்தில் இருக்கிறார். வீட்டுக்காரர் விற்கப்போவதாகச் சொல்லி வெளியேற்றிய பிறகு, கவுன்சில் வேறொரு கவுன்சிலின் எல்லைக்குள் ஓர் அறையும் சமையல் மூலையும் கொண்ட இடத்தில் வைத்திருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வருகிறார்கள். லண்டன் கவுன்சில்களின் கூட்டமைப்பு சொல்லும் கணக்குப்படி, நகரத்தில் சுமார் 50 பேருக்கு ஒருவர் இப்படித் தற்காலிக இடத்தில் இருக்கிறார். குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் சமூக வாடகை வீட்டுக்கான வரிசையில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். 1980க்குப் பிறகு கவுன்சில் வீடுகளை வாடகைக்காரருக்கே தள்ளுபடியில் விற்றார்கள், விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. அன்ரியின் வீடும் அப்படி விற்கப்பட்ட ஒன்றுதான், முதலில் வாங்கியவரிடமிருந்து இவர்கள் வாங்கினார்கள்.

இணையப் படிவத்தில் மூன்று பொத்தான். ஆதரவு, ஆட்சேபணை, நடுநிலை. "எனக்கு வீடும் வேணும், குசினி வெளிச்சமும் வேணும். இதில எதை அமத்துறது?" என்று கேட்டார். நடுநிலையை அமுக்கலாம் என்றேன். "நான் நடுவில நிக்கேல்லையே" என்றார். கடைசியில் ஆட்சேபணையை அமுக்கி, முதல் பத்தியிலேயே வாடகை வீடுகள் வேண்டும் என்று எழுதினோம். ஆங்கிலத்தில் நான் எழுத எழுத அவர் தமிழில் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டு இடத்தில் திருத்தினார். "கவலைப்படுகிறேன்" என்று நான் போட்டதை எடுக்கச் சொன்னார். "கவலை எண்டு எழுதினா கிழவிக்குப் பயம் எண்டு நினைப்பினம்."

வாடகை வீடு என்று எழுதினால் போதாது, எந்த வாடகை என்றும் எழுத வேண்டும். இந்தப் பகுதியில்தான் அதிகம் ஏமாற இடமிருக்கிறது. விளம்பரத்தில் கட்டுப்படியாகும் வீடுகள் என்று ஒரே எண் போடுவார்கள். அதற்குள் பல வகை இருக்கும். சமூக வாடகை லண்டனில் சந்தை வாடகையில் பாதி அல்லது அதற்கும் குறைவு. 2011இல் வந்த இன்னொரு வகையில் சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை வாங்கலாம். பங்கு உரிமை என்பது வீட்டில் ஒரு பங்கை வாங்கி மீதிக்கு வாடகை கட்டுவது. அன்ரியின் மகள் போன்றவருக்கு முதல் வகை மட்டும்தான் எட்டும். லண்டன் மேயரின் 2021 திட்ட ஆவணப்படி பொதுவாக 35 சதவீதமும், அரசு நிலமாக இருந்தால் 50 சதவீதமும் இந்த வகைகளில் கொடுக்க ஒத்துக்கொண்டால் டெவலப்பர் கணக்குக் காட்டாமல் வேகமாகப் போகலாம். கொடுக்க முடியாது என்றால் வரவு செலவைத் திறந்து காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் டெவலப்பரின் லாபமாக, மொத்த விற்பனை மதிப்பில் 15 முதல் 20 சதவீதம் வரை வைத்துக்கொள்ள மத்திய அரசின் வழிகாட்டியே இடம் தருகிறது. லாபம் போக மீதி இருந்தால்தான் வாடகை வீடு. கட்டுமானச் செலவு ஏறினால் முதலில் சுருங்குவதும் அதுதான்.

ஆக எங்கள் கடிதத்தில் மூன்று விஷயம் இருந்தது. அது படுக்கையறை இல்லை, குசினி, இதோ படம். வாடகை வீடுகளில் சமூக வாடகை எத்தனை, மூன்று படுக்கையறை எத்தனை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கையை செக்‌ஷன் 106 ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள். கடைசியாகச் சொன்னது 1990 திட்டமிடல் சட்டத்தில் வரும் பிரிவு. அனுமதியோடு சேர்த்து டெவலப்பர் கையெழுத்துப் போடும் பத்திரம் அதன்கீழ்தான் வருகிறது. பள்ளி, பூங்கா, வாடகை வீடு எல்லாம் வாக்குறுதியாக நிற்குமா, கடமையாக மாறுமா என்பது அந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது.

கண்துடைப்புக் கட்சியின் பாதி உண்மைக்கு இப்போது வருகிறேன். இந்த நாட்டில் கருத்துக் கேட்பு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நீதிமன்றம் வகுத்த நான்கு விதி உண்டு. 1985இல் வடமேற்கு லண்டனின் பிரெண்ட் கவுன்சில் பள்ளிகளை மூடப்போன வழக்கில் வந்தவை. முடிவு உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லத் தேவையான காரணங்களைத் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த பதில்களை மனசாட்சியோடு எடைபோட வேண்டும். 2014இல் ஹேரிங்கே கவுன்சிலுக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றமும் இவற்றை உறுதி செய்தது. அடுத்த ஆண்டே பிரிக்ஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள கிரெசிங்ஹாம் கார்டன்ஸ் குடியிருப்பு மக்கள் லாம்பெத் கவுன்சிலை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். பழுதுபார்க்கலாமா, இடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த கவுன்சில், பாதியில் பழுதுபார்க்கும் வழிகளை எடுத்துவிட்டது. அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கவுன்சில் மறுபடி முறைப்படி கேட்டது, மறுபடி இடிக்கவே முடிவெடுத்தது, இரண்டாவது வழக்கில் மக்கள் தோற்றார்கள். சட்டம் கேட்கும் முறையைக் காப்பாற்றும், கிடைக்கும் பதிலுக்குப் பொறுப்பேற்காது. 2018 ஜூலையிலிருந்து, மேயரின் பணத்தில் 150 வீடோ அதற்கு மேலோ கட்டுவதற்காகச் சமூக வாடகை வீடுகளை இடிக்க வேண்டுமானால் குடியிருப்போரிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். அங்கே மட்டும் உண்மையிலேயே கைகளை எண்ணுகிறார்கள்.

எங்கள் கார் பார்க்கில் இடிக்க வீடே இல்லை. தவிர, அங்கே வீடு கட்டலாமா என்ற கேள்வி எங்களிடம் வந்து சேர்வதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. கவுன்சிலின் உள்ளூர்த் திட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பே அந்த நிலத்துக்கு எண் போட்டு, குடியிருப்புக்கு உகந்த இடம், தோராயமாக இத்தனை வீடு என்று எழுதியிருந்தார்கள். அப்போதும் கருத்துக் கேட்டார்கள், லைப்ரரியில் ஒரு தடித்த புத்தகமாக வைத்திருந்தார்கள். முதல் வரைவுக்கு ஒரு சுற்று, இறுதி வரைவுக்குக் குறைந்தது ஆறு வாரம் இன்னொரு சுற்று, பிறகு மத்திய அரசின் ஆய்வாளர் விசாரணை. எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் எழுதவில்லை. எழுதியவர்களில் பெரும்பாலோர் நில உரிமையாளர்களும் அவர்களுடைய ஆலோசகர்களும். விண்ணப்பம் வரும்போது கட்டுவதா என்ற கதவு மூடியிருக்கும், எப்படிக் கட்டுவது என்ற கதவுதான் கொஞ்சம் திறந்திருக்கும். ஐந்தாண்டில் நாட்டில் 15 லட்சம் வீடு என்கிறது இப்போதைய அரசு. 2024 டிசம்பரில் மாற்றிய கணக்குப்படி லண்டனுக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 88,000. இந்த அழுத்தத்தில் ஒரு கார் பார்க்கைக் கார் பார்க்காகவே விடச் சொல்லி ஜெயிப்பது நடக்காத காரியம்.

இதையெல்லாம் குறை சொல்லும்போது சென்னை நினைவுக்கு வந்துவிடும். அங்கே 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்கும் டவுன்ஷிப்புகளுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்தே விலக்கு அளிக்கிறது. சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் பந்தல் போட்டு மைக் வைப்பார்கள், ஆயிரம் வீட்டு டவருக்கு அது தேவையில்லை. 2000த்திலிருந்து கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்தியபோது, அங்கே போக இருந்தவர்கள் எந்த வரைபடத்தின் மேலும் தங்கள் கருத்தை எழுதியதில்லை. கிராமத்தில் கிராமசபையாவது இருக்கிறது. நகரத்தில் மாஸ்டர் பிளானுக்கு ஆட்சேபணை சொல்லலாம் என்று 1971 சட்டம் சொல்கிறது, ஆனால் அந்தப் பிளான் வருவது தலைமுறைக்கு ஒரு முறை. கம்பத்தில் தொங்கும் ஈரக் காகிதம் அவ்வளவு மோசமில்லை என்று அப்போது தோன்றும்.

முடிவெடுக்கும் கமிட்டி கூடியது ஒரு வார நாள் மாலை ஏழு மணிக்கு. ஆட்சேபிப்பவருக்கு மூன்று நிமிடம். மேசையில் ஒரு சின்ன விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வந்தால் வாக்கியத்தின் நடுவிலும் மைக்கை அணைத்துவிடுவார்கள். எங்களுக்கு முன்னால் பேசியவர் இந்தத் தெருவில் தன் தாத்தா எப்போது வந்தார் என்று தொடங்கினார், தாத்தா வந்து சேர்வதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. அன்ரியின் சார்பில் நான் குசினியை மட்டும் பேசினேன். கவுன்சிலர்கள் முகத்தில் ஒன்றும் தெரியாது. முன்கூட்டியே மனதை மூடிக்கொண்டார்கள் என்று யாராவது நிரூபித்தால் அனுமதியே அடிபட்டுப்போகும், அதனால் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். பிறகு சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். எதற்கு அத்தனை நேரம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பார்வையாளர் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், எல்லாரும் சொந்த வீட்டுக்காரர்கள். அந்தப் பின்கட்டடத்தில் குடியேறக்கூடிய ஒருவர்கூட அங்கே இல்லை. எப்படி இருப்பார்கள்? கடிதம் போவது பக்கத்து முகவரிகளுக்கு. அன்ரியின் மகள் இப்போது எங்களுக்குப் பக்கத்து முகவரியும் இல்லை, எங்கள் கவுன்சில் எல்லைக்குள்ளும் இல்லை. அன்று மாலை அவருக்கு வேலை ஷிஃப்ட் வேறு. சொந்த வீடு இருப்பவரிடம் வீடு கட்டலாமா என்று கேட்டுவிட்டு, மக்கள் எதிர்க்கிறார்கள் என்று எழுதிக்கொள்வதுதான் இந்த முறையின் பெரிய ஓட்டை. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களின் மின்னஞ்சல் கவுன்சிலிடமே இருக்கிறது. அவர்களுக்கும் ஒரு கடிதம் போட என்ன தடை?

கமிட்டிக்கு முன்பே டெவலப்பரின் ஆள் அன்ரி வீட்டுக்கு வந்து அளவெடுத்துப் போயிருந்தார். அட்டவணையில் அறையின் பெயர் மாறியது. திருத்திய வரைபடத்தில் எங்கள் வரிசையைப் பார்க்கும் மூலையில் ஒரு மாடி குறைந்தது. குசினிக்கு 21 இருந்தது 24 ஆனது. அண்ணனின் மீன் வண்டிக்காகக் குப்பை லாரி வரும் நேரத்துக்கு நிபந்தனை போட்டார்கள். ஆட்சேபணைக் கடிதங்களின் பெரும் கட்டுக்கு அதிகாரி அறிக்கையில் கிடைத்தது ஒரு வரி: கருத்துகள் கவனத்தில் கொள்ளப்பட்டன. பெரும்பான்மை வாக்கில் அனுமதி நிறைவேறியது. இங்கே அனுமதி மறுத்தால் டெவலப்பர் மேல்முறையீடு செய்யலாம், கொடுத்தால் அக்கம்பக்கத்தார் செய்ய முடியாது. ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போய், நடைமுறையில் தவறு என்று வாதாடலாம், அதுவும் கையில் காசிருந்தால். பக்கத்து அயர்லாந்தில் கருத்துச் சொன்னவருக்கும் மேல்முறையீடு உண்டு.

அந்தக் குறைந்த மாடியோடு நான்கு வீடு போனது. அந்த மூலை சமூக வாடகைப் பக்கம். அன்ரிக்கு இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப முன்பக்கத்தில ஒரு மாடி கூட்டியிருக்கலாமே? அங்கால ரோட்டுத்தானே, ஆற்ர குசினியும் இல்லையே."

முன்பக்கம் விற்பனைக்கானது, அங்கே வாடகை வீடு வந்தால் விலை கிடைக்காது என்று பார்ப்பார்கள் என்றேன். "அதை ஆர் அவையளிட்டக் கேட்டது?" என்றார். ஒருவரும் கேட்கவில்லை. சைக்கிளைப் பற்றிக் கேட்டார்கள்.

கவுன்சில் தன் உள்ளூர்த் திட்டத்தைத் திருத்தத் தொடங்கியிருக்கிறது, முதல் வரைவு கருத்துக்கு வரப்போகிறது. இணையதளத்தில் பெயரைப் பதிந்தால் மின்னஞ்சல் அனுப்புவார்கள். அண்ணன் பதிந்துவிட்டார். அன்ரி மகளின் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதியச் சொன்னார். வேறு கவுன்சிலில் இருந்தாலும் பதியலாம், படிவம் முகவரியைக் கேட்கும், தடுக்காது.